தூங்கிவிட்டார் என்றாள்

1

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஆறையும் நானே வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்து வைப்பேன், கோயில் நோட்டீசை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பஸ் நம்பர் பார்ப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. என் பிள்ளைகளில் ஒன்றும் பசியோடு படுத்ததில்லை. அதற்கு எந்தப் புத்தகமும் எனக்கு உதவிக்கு வரவுமில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகன் ரவியின் மகள் ஆரணி. ரொறன்ரோவில் பிறந்தவள், சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவள். நான் கதைப்பதை அப்படியே எழுதாமல் புத்தகத் தமிழில் திருத்தி எழுதுகிறாள். அப்படித்தான் எழுதவேண்டும் என்று அவளுடைய ரீச்சர் சொன்னாவாம். எழுதட்டும். கருத்தை மாற்றாவிட்டால் சரி.

ஊரில் இருப்பவர்கள் போன் எடுத்தால் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். எப்படி இருக்கிறீர்கள் அந்தக் குளிருக்குள் என்பார்கள். குளிர் என்றால் உடம்பு நடுங்குவது என்று நினைக்கிறார்கள். உடம்பு நடுங்குவது பெரிய காரியமில்லை, ஒரு சுவெற்றர் போட்டால் நின்றுவிடும். இங்கே குளிர் செய்வது வேறு. அது மனிதரை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, யன்னலை அடைத்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு அறைக்குள் இருத்திவிடும். பிறகு யாருக்கு என்ன நடக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது.

இன்று காலை இந்த வருடத்தின் முதல் ஸ்னோ விழுந்தது. போன வருடம் இந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2

எங்கள் வீடு ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கிறது. பழைய வீடு. எங்கள் சனம் கனபேர் ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு வாங்கிப் போய்விட்டார்கள், ரவி போகவில்லை. கீழே நிலத்துக்குள் இருக்கிற பேஸ்மன்றை வாடகைக்கு விட்டிருந்தான். நான் அங்கே இறங்குவதில்லை. ஊரில் ஷெல் அடித்த நாட்களில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பங்கருக்குள் இருந்தவள் நான். நிலத்துக்குக் கீழே படி இறங்குவதென்றால் இப்போதும் என் முழங்கால் சம்மதிக்காது.

போன வருடம் புரட்டாதியில் அங்கே ஒரு இளம் சோடி குடிவந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள், தஞ்சாவூர்ப் பக்கம். பெண்ணுக்கு மகா என்று வைப்போம், பெடியனுக்குச் சரவணன் என்று வைப்போம். இரண்டும் அவர்களுடைய உண்மைப் பெயர் இல்லை. அவன் கம்பியூட்டர் வேலை, அவள் ஒரு கடையில் வேலைக்கு நின்றாள். அவர்களுக்கு இது முதல் குளிர்காலம்.

மகா வந்த அன்றே என்னைப் பாட்டி என்றாள். எங்கள் பக்கத்தில் ஆச்சி, அம்மம்மா, அப்பம்மா என்பார்கள். பாட்டி என்றால் படத்தில் பொல்லு ஊன்றி வருகிற கிழவி. நான் பொல்லு ஊன்றுவதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் குரலுக்காக விட்டுவிட்டேன்.

முதல் ஸ்னோ விழுந்த நாள் இரண்டு பேரும் செருப்போடு வெளியே ஓடினார்கள். சரவணன் அதைக் கையால் அள்ளி வாயில் போட்டான். மகா அதைப் போனில் பிடித்துத் தாய்க்குக் காட்டினாள். நான் யன்னலுக்குள் நின்று பார்த்தேன். இது நல்லதுக்கு இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. ஏனென்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டேன். ஆறு பிள்ளை வளர்த்தவளுக்குச் எந்தச் சிரிப்பு அளவுக்கு மிஞ்சினது என்று தெரியும்.

3

ஸ்னோ இறுகத் தொடங்கியதும் வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் ஓயாமல் ஓடியது. அது கீழேதான் இருக்கிறது, அவர்கள் சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில். அது தொடங்கும்போது என் காலுக்குக் கீழே நிலம் ஒருமுறை இருமும். அதன் சூடு குழாய் வழியாக மேலேயும் வரும்.

ஒருநாள் மகா மேலே வந்து பெருமையாகச் சொன்னாள்: பேர்னஸ் அறையில் வெளிச்சுவரிலிருந்து ஒரு தடித்த குழாய் வருகிறதாம், அதன் வாயிலிருந்து பச்சைக் குளிர் கொட்டுகிறதாம், அவளுடைய வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்துப் பழைய போர்வையைச் சுருட்டி அடைத்துவிட்டாராம். இப்போது அறை கதகதவென்று இருக்கிறதாம். கெட்டிக்காரன் என்றேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதே கிழமைதான் கீழ்ப்படியில் கொளுவியிருந்த அலாம் கிக் கிக் என்று கத்தத் தொடங்கியது. பற்றறி முடிந்துவிட்டது என்று ரவி அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான், பற்றறி வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே. அவனுக்கு இரண்டு வேலை. மருமகள் சுகந்திக்கு வைத்தியசாலைக் குசினியில் வேலை. பற்றறி வாங்குவது யாருடைய வேலை என்பது எங்கள் வீட்டில் தீர்மானமாகவில்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் தலைப்பாரம் வந்தது. எனக்கு வந்தது பிரசர் என்று நான் குளிசை போட்டேன். ஆரணிக்கு வந்தது போன் பார்ப்பதால் என்று தாய் ஏசினாள். சுகந்திக்கு வந்தது நித்திரை காணாதது. கோயிலுக்குப் போனால் எல்லோருக்கும் தெளிந்துவிடும். அம்மன் தாயார் காப்பாற்றுகிறா என்று சுகந்தி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு தேத்தண்ணி குடித்து முடிய மறுபடியும் தலைக்குள் கல்.

மகாவுக்குத்தான் கூட. வெளிறிப்போனாள். மேலே வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாளிதத்தின் மணம் பட்டால் முகத்தைத் திருப்புவாள்.

"சத்தி இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"சக்தியா? எங்க பாட்டி, கொஞ்சம்கூட இல்ல. எந்திரிக்கவே முடியல" என்றாள்.

நாங்கள் சத்தி என்பது வாந்தியை. அவளுடைய காதில் விழுந்தது உடம்பின் பலம். நான் வாந்தி இல்லையாம் என்று எடுத்துக்கொண்டேன், அவள் கிழவிக்கு இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் இரண்டு கிழமையாகக் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாமல் போனது. இரண்டு பேரும் தமிழில்தான் கதைத்தோம்.

எப்படி இருந்தாலும் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். டெஸ்ற் எடுத்துப் பார்த்தாளாம், இல்லையாம். அதுக்கு என்ன தெரியும் என்றேன். தேசிக்காய் ஊறுகாயை ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள், எனக்காக.

4

ஆனால் என் கண் இருந்தது அவளில் இல்லை, அவனில்.

கார்த்திகைக் கடைசியில் சரவணனுக்கு வேலை போய்விட்டது. அவனுடைய பகுதியையே மூடிவிட்டார்களாம். வேலை இல்லாவிட்டால் நாட்டில் நிற்கிற பத்திரமும் ஆட்டம் காணும் என்று ரவி சொன்னான். இத்தனை மாதத்துக்குள் வேறு வேலை காட்டவேண்டும், குடிவரவுப் பகுதி கேட்கிற கேள்விக்குப் பதில் அனுப்பவேண்டும், அனுப்பினால் காத்திருக்கச் சொல்லிப் பதில் வரும். அந்தப் பெடியன் பகல் முழுவதும் கீழே இருந்தான். முகம் வழிக்கவில்லை. நான் படித்தலைப்பில் நின்று கூப்பிட்டால் மெதுவாக வருவான். நின்ற இடத்தில் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பான்.

"சாப்பிட்டனியோ மோனை?"

"ம்... சாப்பிட்டிருப்பேன் பாட்டி."

சாப்பிட்டிருப்பேன். தன்னைப் பற்றியே ஊகம் சொல்லுகிற ஆளை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கையில் செல்லையா அண்ணை என்று ஒருவர் இருந்தார். தோட்டக்காரர். ஒரு வருடம் புகையிலை முழுக்க அழுகிப்போனது. அதன் பிறகு ஒருவரோடும் சண்டை இல்லை, சத்தம் இல்லை. கேட்டதற்கு ஓம் என்பார். களைப்பு என்று சொன்னார்கள். நான் அப்போது பாவாடை கட்டுகிற வயது. ஒருநாள் மத்தியானம் அவருடைய மகள் ஓடிவந்து எங்கள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பு தூங்கிட்டார்" என்றாள். அழவில்லை. வேறு வீட்டுச் செய்தி மாதிரிச் சொன்னாள். நான் பெரியவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் அந்தக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். அங்கே கண்டதை எழுத வேண்டாம் என்று ஆரணிக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நித்திரை என்றால் நித்திரை. படுத்திட்டார் என்போம், கண்ணயர்ந்திட்டார் என்போம். தூங்கிட்டார் என்றால் ஒரே கருத்துத்தான். அதில் கயிறு இருக்கிறது. நாற்பது வருடமாகத் தமிழ்நாட்டுப் படம் பார்க்கிறேன், அவர்கள் தூங்குவது என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படம் கேட்கிற காது வேறு.

5

அன்று விடியற்காலையிலிருந்தே ஸ்னோ கொட்டியது. பள்ளிக்கூட பஸ் ஓடவில்லை என்று ஆரணி வீட்டில் நின்றாள். ரவியும் சுகந்தியும் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தலை பிளந்தது. பேர்னஸ் நிற்காமல் ஓடியது.

பின்னேரம் நாலு மணிபோல, ஆனால் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது, மகா கடையிலிருந்து வந்தாள். கீழே இறங்குவது கேட்டது. பிறகு படியில் அவளுடைய கால். ஒவ்வொரு படியாக, நின்று நின்று. படித்தலைப்பில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு ஒரு நிறமாக இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"பாட்டி, அவரு தூங்கிட்டாரு. கூப்பிட்டாலும் பேசல. எனக்கும்..."

அவ்வளவுதான் நான் கேட்டது. படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையின் அதே குரல்.

"ஆரணி, 911க்கு அடி. கீழ்வீட்டுப் பெடியன் கழுத்தில கயிறு போட்டிட்டான்."

ஆரணி போனைக் காதில் வைத்துக்கொண்டே படிக்கு ஓடினாள். நான் அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன். ஒரு பிள்ளை அதைப் பார்க்கக்கூடாது. என் ஒரு கையில் ஆரணியின் சட்டை. மற்றக் கையால் மகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அவள் மறுபடியும் கீழே போகத் திரும்பினாள்.

"என்ன கயிறு பாட்டி? எந்தக் கயிறு?"

"நீ ஒண்டும் கதைக்காத. கீழ போகாத. அவங்கள் வருவாங்கள்."

"அவரு தூங்குறாரு பாட்டி. நானும் போய்ப் படுக்கிறேன், விடுங்க."

"அப்பம்மா, ஷீ இஸ் சேயிங் ஹி இஸ்..." என்று ஆரணி ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. என்னுடைய பிடி இன்னும் நல்ல பிடி. இரண்டு பேரையும் வாசலுக்கு இழுத்துப் போய், அம்புலன்ஸ்காரர் வருவதற்கு முன்கதவை அகலத் திறந்துவிட்டேன். குளிர் வீட்டுக்குள் வந்தது. மகா வாசற்படியில் இருந்து, ஸ்னோவுக்குள் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புருஷன் கயிற்றில் கிடக்கிற பெண் படுக்கிறேன் என்று சொல்ல மாட்டாள்.

சந்தேகம் வந்தும் நான் பிடியை விடவில்லை. ஏனென்று எனக்கே தெரியாது.

6

தூங்கிவிட்டார் என்று சொன்னதால் எல்லோரும் வந்தார்கள். தீயணைப்பு வண்டி, அம்புலன்ஸ், இரண்டு பொலிஸ். முதலில் உள்ளே போனவனுடைய சட்டையில் ஒரு சின்னப் பெட்டி கொளுவியிருந்தது. அவன் படியில் கால் வைத்ததும் அந்தப் பெட்டி கிறீச்சென்று கத்தியது. உடனே அவன் பின்னால் வந்தவர்களைக் கையால் தடுத்து ஏதோ சத்தம் போட்டான். முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எங்களை ரோட்டுக்கு விரட்டினார்கள். நான் வீட்டில் போடுகிற சோட்டியோடு ஸ்னோவுக்குள் நின்றேன். ஒரு பொலிஸ்காரப் பிள்ளை தன்னுடைய ஜக்கற்றை என் தோளில் போட்டாள்.

சரவணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முகம் செக்கச்சிவந்து, சும்மா நித்திரை கொள்கிற பிள்ளை மாதிரி இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது. அது நிம்மதிக்குரிய சிவப்பில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பேர்னஸ் எரிவதற்குக் காற்று வேண்டுமாம். அதற்காக வைத்த குழாயைத்தான் போர்வையால் அடைத்திருந்தார்கள். காற்றில்லாமல் அது கக்கியது மணமும் நிறமும் இல்லாத ஒரு நச்சு. வீடு முழுவதும் அதைத்தான் நாங்கள் சூடு என்று அனுபவித்துக்கொண்டிருந்தோம். பங்கர் வெட்டும்போதுகூட நாங்கள் காற்றுக்கு ஒரு ஓட்டை விடுவோம்.

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை ஆரணியிடம் கேட்டாள்: தூக்குப் போட்டதாகத்தானே நீ அறிவித்தாய், அப்படி யார் சொன்னது? ஆரணி என்னைக் காட்டினாள், நான் மகாவைக் காட்டினேன். மகா முகத்தில் ஒட்சிசன் மூடியோடு, இல்லை, தூங்குகிறார் என்றுதான் சொன்னேன் என்றாள். பொலிஸ் என்னைப் பார்த்தாள். தூங்குவது என்றால் தூக்குப் போடுவது என்று நான் தமிழில் சொன்னேன். ஆரணி இரண்டையும் இங்கிலிஷில் சொன்னாள். அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்தினாள்.

"அப்பம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே பாஷைதானே பேசுறீங்கள் எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லு."

"அப்ப எப்பிடி எண்டு கேக்கிறா."

"அதுக்கும் ஓம் எண்டு சொல்லு."

மகா என்னிடம் ஏன் மேலே வந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் தலைவலிக்கிறது, ஒரு மாத்திரை இருக்கிறதா என்று கேட்க வந்தாளாம். வாங்கிப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் படுக்க இருந்தாளாம். அவள் தஞ்சாவூர்த் தமிழில் சொன்னதை நான் தஞ்சாவூர்த் தமிழிலேயே விளங்கியிருந்தால் குளிசையைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பிறகு ரவி வந்தான். நச்சுக் காற்றுக்குக் கத்துகிற அலாம் எங்கே என்று கேட்டார்கள். அவன் லாச்சியைத் திறந்து காட்டினான். என் பிள்ளை அப்படித் தலைகுனிந்து நின்று நான் கண்டதில்லை. இப்போது வீட்டில் அறைக்கு அறை ஒன்று கொளுவியிருக்கிறான். அதில் ஒளிரும் பச்சை வெளிச்சத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிற்பது போல நின்று பார்க்கிறான்.

7

சரவணன் பிழைத்தான். மகாவும் பிழைத்தாள். அவள் பிள்ளை உண்டாகியிருக்கவில்லை. நான் பார்த்த பார்வை பிழை என்று சுகந்தி இப்போதும் பகிடி பண்ணுவாள். என் பார்வை பிழைக்கவில்லை. அந்தக் காற்றுப் பொய் சொன்னது.

தை மாதம் அவர்கள் சாமான் எடுக்க வந்தார்கள். வேறு இடத்தில், பத்தாவது மாடியில், பெரிய யன்னல் உள்ள வீடு எடுத்திருந்தார்கள். மகா ஆரணியோடு கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சரவணன் மேலே வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"பாட்டி, நீங்க தப்பாக் கேட்டீங்கன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்."

"முழுசாத் தப்பில்ல பாட்டி. ரெண்டு வாரமா அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன். கயிறு வாங்கல. எந்தக் கடையில விக்கும்னு பாத்து வச்சிருந்தேன்."

கீழே மகா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆரணி ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் அவனுடைய தலையில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க எனக்கு மனமில்லை.

"மனிசிக்குச் சொன்னனியோ?"

"இல்ல."

"இண்டைக்குச் சொல்லு. நான் காது அரைகுறையாக் கேக்கிற கிழவி. ஒருக்கால் பிழையாக் கேட்டன், அது உனக்குச் சரியா வந்திட்டுது. அடுத்த முறையும் அப்பிடி வரும் எண்டு இராத."

அவன் தலையாட்டினான். வெளிக்கிடும்போது நான் ஒரு சத்தியம் வாங்கினேன். அடுத்த குளிர்காலம் முதல் ஸ்னோ விழுகிற அன்று எனக்கு ஒருக்கால் போன் அடிக்கவேண்டும். மகா இல்லை, அவன்தான். அடிக்கிறேன் பாட்டி என்றான். மகாவுக்கு அன்றே சொன்னான் என்று பிறகு அவளே அழுதுகொண்டு என்னிடம் சொன்னாள். ஒரு டொக்டரிடமும் போகிறான். வைகாசியில் வேலை கிடைத்தது. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, பெயரை மாற்றிவிட்டு எழுதுங்கள், யாராவது ஒருவன் வாசித்தால் நல்லது என்றான். அது ஆவணி மாதம். வெயில் எறித்த மாதம்.

இன்று விடிய ஆறு மணிக்கு ஸ்னோ தொடங்கிவிட்டது. இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவன் இன்னும் அடிக்கவில்லை. வேலையில் நிற்பான். நாங்கள் அடித்தோம், எடுக்கவில்லை. மகாவுக்கும் அடித்தோம். அவள் கடையில் போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் நிற்பாள் என்று ஆரணி சொல்கிறாள். இருக்கும். பேர்னஸ் இப்போது ஒருமுறை இருமி ஓடத் தொடங்கியிருக்கிறது.

சும்மா இருந்தால் நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் இந்தப் பிள்ளையைப் பிடித்து இருத்தி இவ்வளவும் சொன்னேன். சொல்லி முடிந்துவிட்டது. நாலு மணிக்கு ரவி வந்ததும் காரில் அங்கே போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆரணி, போனை மடியில வைச்சுக்கொண்டு, அவன் அடிக்கிற வரைக்கும் இதை எனக்கு ஒருக்கா வாசி பிள்ளை. மெதுவா வாசி, கெதியா வாசிக்காத.